எல்லாம் விழும்போது நிற்க வேண்டிய கட்டடம்

1971 பிப்ரவரி 9, காலை ஆறு மணி. லாஸ் ஏஞ்சலீஸின் வடக்கு ஓரம், சில்மார் மலையடிவாரம். திறந்து சில மாதங்களே ஆன ஆலிவ் வியூ மருத்துவமனையின் ஐந்து மாடிக் கட்டடத்தை 6.6 அளவு நிலநடுக்கம் சில விநாடிகளில் தீர்த்துவிட்டது. கீழ்த்தளத் தூண்கள் நொறுங்க, மேல்தளங்கள் மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்து சாய்ந்து நின்றன. ஓரங்களில் இருந்த நான்கு படிக்கட்டுக் கோபுரங்களில் மூன்று பிய்த்துக்கொண்டு விழுந்தன. பக்கத்து மனநலப் பிரிவில் கீழ்த்தளம் நசுங்கிப்போய் மாடி தரைக்கு வந்துவிட்டது.

இறந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் இரண்டு பேர் மேல் ஒரு செங்கல்கூட விழவில்லை. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்கள் அவர்கள்; மின்சாரம் போனது, கருவி நின்றது. வெளியே, ஆம்புலன்ஸ்கள் நிற்கும் இடத்துக்கு நிழலாகப் போட்டிருந்த கூரை அப்படியே கீழிறங்கி வண்டிகளை நசுக்கிவிட்டிருந்தது. ஊரே அடிபட்டுக் கிடந்த காலையில் முதலில் கிளம்ப வேண்டிய வண்டிகள் அவை.

சில கிலோமீட்டர் தள்ளி, முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் நிலைமை இன்னும் மோசம். 1920-களில் கட்டிய அதன் பழைய பிரிவுகள் சரிந்து ஐம்பது பேருக்கு அருகில் மாண்டார்கள். அந்த நிலநடுக்கத்தின் மொத்தப் பலியே அறுபத்துச் சொச்சம்தான். அதாவது, அன்று செத்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதற்காக வந்து படுத்த இடத்தில் செத்தார்கள்.

கலிஃபோர்னியாவில் 1973-ல் மருத்துவமனைகளுக்கென்றே தனி நிலநடுக்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது இப்படித்தான். அதுவரை கட்டட விதிகள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இடிந்து ஆளைக் கொல்லாமல் நிற்க வேண்டும். விரிசல் விடலாம், சாயலாம், பிறகு இடித்துவிட்டு வேறு கட்டிக்கொள்ளலாம். உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓடி வந்தால் சரி. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். மருத்துவமனையில் ஓட முடியாதவர்கள்தான் படுத்திருக்கிறார்கள். போதாததற்கு, அதே மணி நேரத்தில் ஊரெல்லாம் வாசலுக்கு வந்து நிற்கும். எனவே நின்றால் மட்டும் போதாது, அன்று மதியமே உள்ளே அறுவை நடக்க வேண்டும் என்றது புதிய சட்டம்.

அவசர சேவைக் கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் படுக்கை எண்ணிக்கையைப் பேசுகிறோம், முகப்பைப் பேசுகிறோம், மாடி எத்தனை என்று பேசுகிறோம். திறப்பு விழாப் படங்களிலும் அவைதான் வருகின்றன. ஆபத்து நாளில் அந்தக் கட்டடம் உதவுமா என்பதைத் தீர்மானிக்கிற சங்கதிகள் படத்தில் வராத இடங்களில் இருக்கின்றன. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, பேஸ்மென்டின் மூலையில், மொட்டை மாடித் தொட்டிக்கு அடியில். அந்த இடங்களை யார் வரைகிறார், யார் சரிபார்க்கிறார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

தண்ணீர்க் குழாய் தோற்கடித்த கதை

ஆலிவ் வியூவை மீண்டும் கட்டினார்கள். பட்ட அடியின் ஆத்திரம் தெரியும்படியாகக் கட்டினார்கள் என்றே சொல்ல வேண்டும். கீழ்த்தளங்களில் கான்கிரீட் சுவர்கள், மேல்தளங்களில் எஃகுத் தகட்டுச் சுவர்கள். கப்பல் போலக் கெட்டியான கட்டடம். 1987-ல் திறந்தது. ஏழே ஆண்டுகளில், 1994 ஜனவரி 17 அன்று, நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் அதைச் சோதித்துப் பார்த்தது.

எலும்புக்கூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கெட்டியான கட்டடம் ஆட்டத்தை உள்வாங்கிக் கரைப்பதில்லை, மேலே கடத்துகிறது. தரையில் புவியீர்ப்பு விசையின் 0.91 மடங்காகப் பதிவான அதிர்வு, கூரையில் 2.31 மடங்காகப் பதிவானது. அவ்வளவு ஆட்டத்தைத் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் குழாய்களும் குளிர்நீர்க் குழாய்களும் தாங்கவில்லை. கூரைக்கு மேலே குழாய்கள் உடைந்து வார்டுகளில் தண்ணீர் கொட்டியது. உறுதியாக நின்ற கட்டடத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. சட்டம் கேட்டது நடக்கவில்லை.

பொறியாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு கணக்கு இங்கே உதவும். ஒரு மருத்துவமனைக்குப் போடும் முதலீட்டில் தூண், உத்தரம், தளம் ஆகிய எலும்புக்கூட்டின் பங்கு சுமார் 8 சதவீதம்தான். குழாய், மின்கம்பி, லிஃப்ட், தடுப்புச் சுவர், சீலிங் போன்றவை 48 சதவீதம். மீதி 44 சதவீதம் உள்ளே வைக்கும் கருவிகளும் பொருட்களும். நம் கட்டட விதிகளின் தலைவலி முழுக்க அந்த 8 சதவீதத்தில்தான். இந்தியாவின் ஐ.எஸ். 1893 விதி, சாதாரணக் கட்டடத்தைவிட ஒன்றரை மடங்கு விசையைத் தாங்கும்படி மருத்துவமனையைக் கணக்கிடச் சொல்கிறது. நல்லது. ஆனால் ஆக்ஸிஜன் குழாயைச் சீலிங்கில் எத்தனை கொக்கி போட்டு மாட்டியிருக்கிறார்கள் என்பதைக் கட்டி முடித்த பின் யார் ஏணி வைத்து ஏறிப் பார்க்கிறார்கள்?

அதே 1994 நிலநடுக்கத்தில், லாஸ் ஏஞ்சலீஸின் இன்னொரு பகுதியில், தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனை ஒரு வேலையும் நிற்காமல் இயங்கியது. 1991-ல் திறந்த அந்தக் கட்டடம் தரையோடு நேராகப் பிணைக்கப்படவில்லை. ஈயமும் ரப்பரும் சேர்ந்த தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருந்தது. நிலம் நகர, ரப்பர் வளைந்துகொடுக்க, மேலே கட்டடம் மெல்ல அசைந்தது. பக்கத்து நிலத்தில் 0.49 மடங்கு, கூரையில் 0.21 மடங்கு. ஆலிவ் வியூ அளவுக்கு நிலநடுக்க மையத்துக்கு அருகில் அது இல்லை என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். ஆனாலும் மேலே போகப் போக ஓரிடத்தில் ஆட்டம் இரண்டரை மடங்கானது, இன்னோரிடத்தில் பாதிக்கும் கீழே குறைந்தது. குழாய்க்கு அந்த வித்தியாசம் போதும்.

இந்த ஈய-ரப்பர் தாங்கி நியூசிலாந்தின் பில் ராபின்சன் 1970-களில் கண்டுபிடித்தது. குஜராத்துக்கு அது வந்த வழி துயரமானது. 2001 ஜனவரி 26 காலை, குடியரசு தினக் கொடியேற்றத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், கட்ச் அதிர்ந்தது. பூஜ் நகரின் மாவட்ட மருத்துவமனை உள்ளே இருந்தவர்களோடு இடிந்து விழுந்தது. காயப்பட்டவர்களைத் திறந்த வெளியில் கூடாரம் போட்டுப் பார்த்தார்கள். பிறகு அதே ஊரில் எழுந்த புதிய மருத்துவமனையை இந்தத் தாங்கிகளின்மேல் கட்டினார்கள். இந்தியாவில் அப்படிக் கட்டிய முதல் மருத்துவமனை அது.

ஜப்பானின் இஷினோமாகி செஞ்சிலுவை மருத்துவமனைக்குத் துயரம் வரும் வரை காத்திருக்கும் நிலை வரவில்லை. 2006-ல் அதைக் கடலோரத்திலிருந்து உள்ளே தள்ளி, நிலத்தை மேடாக்கி, அதிர்வுத் தாங்கிகளின்மேல் எழுப்பினார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2011 மார்ச் 11 அன்று, நிலநடுக்கமும் சுனாமியும் சேர்ந்து வந்தன. கடலருகே இருந்த நகராட்சி மருத்துவமனை வெள்ளத்தில் செயலிழந்தது. செஞ்சிலுவை மருத்துவமனை மட்டும் அந்த வட்டாரம் முழுவதற்குமாக இயங்கியது. மூன்றாம் நாள் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவசர சிகிச்சைக்கு வந்தார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் அங்கே முதல் வடிவமைப்பு முடிவு. வரைபடம் எல்லாம் அதற்குப் பின்னால்.

பேஸ்மென்டில் இருந்த பம்பு

நம் ஊருக்கு நிலநடுக்கத்தைவிட வெள்ளம் நெருக்கமான எதிரி. அதற்கு வருவோம்.

2012 அக்டோபர் 29 இரவு, சாண்டி புயல் கடலை நியூயார்க்குக்குள் தள்ளியது. அமெரிக்காவின் பழமையான பொது மருத்துவமனைகளில் ஒன்றான பெல்வியூவில் ஜெனரேட்டர்கள் பதின்மூன்றாம் மாடியில் பத்திரமாக இருந்தன. யோசித்துத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அவற்றுக்கு எண்ணெய் ஏற்றும் பம்புகள் பேஸ்மென்டில் இருந்தன. பேஸ்மென்ட் மூழ்கியது. ஊழியர்களும் தேசியக் காவல் படையினரும் படிக்கட்டில் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி, பதின்மூன்று மாடிக்கு எண்ணெயைச் சுமந்தார்கள். கடைசியில் எழுநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை வேறிடம் மாற்ற வேண்டியதாயிற்று. அருகிலிருந்த நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் மின்சாரம் போய், முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை இருட்டுப் படிக்கட்டு வழியே இறக்கினார்கள். பச்சிளம் குழந்தைகளை நர்சுகள் கையில் ஏந்தி, கையாலேயே காற்றை அழுத்திக் கொடுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

இதைப் படிக்கும் சென்னைக்காரர்களுக்கு 2015 டிசம்பர் நினைவு வராமல் இருக்காது. அடையாறு கரை மீறிய அந்த நாட்களில், ஆற்றோரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் தண்ணீர் புகுந்தது, மின்சாரம் போனது, ஜெனரேட்டரும் கைவிட்டது. அங்கே 18 நோயாளிகள் இறந்ததாகச் செய்தி வந்து மாநிலமே அதிர்ந்தது. அவர்கள் ஏற்கெனவே கவலைக்கிடமாக இருந்தவர்கள் என்றது நிர்வாகம். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. கட்டடத்தின் பக்கம் நின்று பார்த்தால் கேள்வி வேறு: ஆற்றை ஒட்டிய நிலத்தில் உயிர்காக்கும் மின்சாரத்தை எந்த உயரத்தில் வைப்பது என்று வரைபடம் போட்ட நாளில் யாராவது கேட்டார்களா?

ஜெனரேட்டர் கீழே போவதற்குக் காரணம் முட்டாள்தனம் அல்ல. அது கனமானது, அதிர்வது, சத்தம் போடுவது, புகை விடுவது. எண்ணெய்த் தொட்டியை மேலே வைக்கத் தீயணைப்பு விதிகள் தயங்கும். தரைத்தளத்திலோ ஓ.பி.க்கும் மருந்தகத்துக்கும் பில்லிங் கவுண்டருக்குமே இடம் போதவில்லை. ஆகவே யாருக்கும் வேண்டாத இடம் அதற்குக் கிடைக்கிறது. யாருக்கும் வேண்டாத அந்த இடத்துக்குத்தான் தண்ணீரும் முதலில் வருகிறது.

பாஸ்டன் துறைமுகத்தில் 2013-ல் திறந்த ஸ்பால்டிங் மறுவாழ்வு மருத்துவமனையில் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். ஜெனரேட்டர், மின்பலகை போன்ற முக்கியக் கருவிகள் எல்லாம் மொட்டை மாடியில். தரைத்தளத்தை, ஐந்நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரலாம் என்று கணித்த வெள்ள மட்டத்துக்கும் இரண்டரை அடி மேலே தூக்கினார்கள். எனக்குப் பிடித்தது ஜன்னல்தான். முழுக் குளிர்சாதனக் கட்டடத்தில் நோயாளி அறை ஜன்னலைத் திறக்க ஊழியர்களிடம் ஒரு சாவி இருக்கிறது. 2005-ல் கத்ரினா வெள்ளத்தின்போது நியூ ஆர்லியன்ஸ் மருத்துவமனைகளில் மின்சாரம் போய், திறக்காத கண்ணாடிகளுக்குப் பின்னால் நோயாளிகள் வெந்தார்கள். கண்ணாடியை உடைத்துக் காற்று வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பாடத்துக்கான செலவு ஒரு கீலும் ஒரு சாவியும். சென்னையில் கண்ணாடி போர்த்திய புதுப்புது மருத்துவமனைகளைப் பார்க்கும்போதெல்லாம் மே மாதத்தில் மின்சாரம் போன ஓர் இரவை நினைத்துக்கொள்கிறேன்.

சாதாரண நாளும் ஆபத்து நாள்தான்

வெள்ளமும் நிலநடுக்கமும் எப்போதாவது வருபவை. சாலை விபத்து தினமும் வருகிறது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 வண்டி ஓடத் தொடங்கியபின் சாலையில் கிடப்பவரைத் தூக்கிவருவது எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது. 2021 டிசம்பரிலிருந்து விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. வந்தவரை நிலைமையின் தீவிரத்துக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறையை அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் கொண்டுவந்தாயிற்று. வண்டி வந்துவிட்டது, பணம் வந்துவிட்டது, முறை வந்துவிட்டது. கட்டடம் மட்டும் பல இடங்களில் பின்தங்கி நிற்கிறது.

நம் பெரியாஸ்பத்திரிகள் ஒரே மூச்சில் வரைந்தவை அல்ல. சென்னை ஜி.எச். 1664-ல் கோட்டைக்குள் தொடங்கியது. இப்போதைய இடத்துக்கு வந்தபின் தேவைக்கேற்ப பிளாக் பிளாக்காக வளர்ந்தது. மாவட்டத் தலைநகர்களிலும் அதே கதைதான். ஒவ்வொரு பிளாக்கும் அந்தந்தக் காலத்துக்கு நியாயமானது; எல்லாம் சேர்ந்த வளாகத்தில் ஸ்ட்ரெச்சர் போகும் பாதையை மட்டும் யாரும் வரையவில்லை. கேஷுவால்டி ஒரு மூலையில், சி.டி. ஸ்கேன் வேறு பிளாக்கில், அறுவை அரங்கு மூன்றாவது இடத்தில். நடுவே மழை பெய்யும் திறந்தவெளி. தலையில் அடிபட்டவரின் முதல் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு அந்த நடையில் கழிகிறது என்பது வார்டு பாய்களுக்கும் நர்சுகளுக்கும் தெரியும். கட்டடம் வரைபவர் ஒரு வாரம் அவர்கள் கூடவே நடந்துவிட்டு வரைந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

நல்ல அவசரப் பிரிவின் வரைபடத்தில் சிக்கல் ஒன்றும் இல்லை. ஆம்புலன்ஸ் வரும் வழியும் நடந்து வருபவர் வழியும் வேறு வேறு. சிவப்பு நோயாளியின் படுக்கை கதவிலிருந்து சில எட்டில். ஸ்கேன் அதே தளத்தில், அறுவை அரங்குக்கு நேரே போகும் தனி லிஃப்ட், லிஃப்ட் நின்றால் சாய்தளம். இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டாத அகலத்தில் நடைபாதை. ஆனால் வெளிநாட்டுப் புத்தகங்களில் இல்லாத ஒரு கூட்டத்தை நம் கட்டடம் கணக்கில் எடுத்தாக வேண்டும்: கூட வருபவர்கள். அடிபட்டவர் ஒருவர் என்றால் கூட எட்டுப் பேர் வருவார்கள். மருந்துச் சீட்டோடு ஓடுவது, ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பது, ராத்திரி நடைபாதையில் துண்டை விரித்துப் படுப்பது எல்லாம் அவர்கள்தான். அவர்களுக்கு உட்கார இடமும் கழிப்பறையும், உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல ஒரு ஜன்னலும் வரைபடத்திலேயே இல்லாவிட்டால், அவர்கள் சிவப்புப் படுக்கையைச் சுற்றித்தான் நிற்பார்கள். பிறகு ‘கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை’ என்று காவலரை நிறுத்துவோம்.

கூட்டம் திடீரென்று பத்து மடங்கானால்? சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழக மருத்துவமனை 2012-ல் திறந்த புதிய கட்டடத்தில் இதற்கு விடை தேடியது. வரவேற்புக் கூடத்தின் தூண்களில் பலகைகளைத் திறந்தால் உள்ளே ஆக்ஸிஜன் குழாய் வாய்கள் இருக்கின்றன. சாதாரண நாளில் வெறும் தூண். தொற்று வந்தால் அந்தக் கூடமே வார்டு. ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் இடத்தையும் அப்படியே சிகிச்சை இடமாக மாற்றலாம். 2020 கொரோனாவில் அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். கொரோனா மாதங்களில் நாம் படுக்கையைத் தேடவில்லை, ஆக்ஸிஜன் குழாய் உள்ள படுக்கையைத் தேடினோம் என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

காற்றைப் பற்றி ஒரு சொல். 2005-06-ல் தென்னாப்பிரிக்காவின் துகேலா ஃபெரியில் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். அந்தத் தொற்று மருத்துவமனைக்குள்ளேயே பரவியதற்கான தடயங்கள் இருந்தன. ருவாண்டாவின் புட்டாரோ மருத்துவமனையை 2011-ல் கட்டியவர்கள் அதிலிருந்து தொடங்கினார்கள். நோயாளிகள் காத்திருக்கும் நடைபாதைகளை வெளியே திறந்தவெளிக்கு எடுத்துப் போனார்கள். உயரமான கூரை, பெரிய விசிறி, எதிரெதிர் ஜன்னல், கிருமி கொல்லும் புறஊதா விளக்கு. லிமா நகரில் நடந்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வு, உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழங்காலத்து வார்டுகளில் காற்று மாறும் வேகம், இயந்திரக் காற்றோட்டம் உள்ள புதிய அறைகளைவிடப் பல மடங்கு அதிகம் என்று அளந்து காட்டியது. 1928-ல் தாம்பரத்துக் காட்டில் சானடோரியம் அமைத்த டாக்டர் சௌரி முத்து இதைக் கேட்டால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். ரயில் நிலையத்தின் பெயராக அது இன்னும் இருக்கிறது. நம் புதிய வார்டுகளின் ஜன்னல்களில் இல்லை.

அழைப்பை எடுப்பவரின் கட்டடத்தையும் மறந்துவிடுகிறோம். நியூயார்க்கின் 911 அழைப்புகளுக்கென ப்ராங்ஸ் பகுதியில் 2016-ல் இயங்கத் தொடங்கிய மையம், மண்மேட்டுக்குப் பின்னால் நிற்கும் கனசதுரம். ஜன்னல் குறைவு, காப்பு அதிகம். ப்ரூக்லினில் உள்ள முதல் மையம் விழுந்தாலும் நகரம் முழுவதையும் இது ஒன்றே தாங்கும். ஆபத்துக் குரல்களை மணிக்கணக்கில் கேட்பவர்களுக்காக உள்ளே செடிகள் வளரும் ஒரு சுவரும் வைத்திருக்கிறார்கள்.

‘இதெல்லாம் பணக்கார நாட்டு வசதி’ என்று யாரும் சொல்லலாம். வங்கதேசத்தின் தென்மேற்குக் கோடியில், சாத்கிரா மாவட்டத்தில் இருக்கும் 80 படுக்கை ஃப்ரெண்ட்ஷிப் மருத்துவமனையை அவர்கள் பார்க்க வேண்டும். புயல் அடிக்கும் ஊர். கடல் ஏறி ஏறி நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது. சுற்றிலும் வயல்கள் இறால் பண்ணைகளாகிவிட்டன. கட்டடக் கலைஞர் காஷெஃப் சௌதுரி அங்கே கிடைக்கும் செங்கல்லைக் கொண்டு, முற்றங்களைச் சுற்றித் தாழ்வான பிளாக்குகளாகக் கட்டினார். பெரும்பகுதி காற்றிலேயே குளிர்கிறது. செலவு இருபது லட்சம் டாலருக்கும் குறைவு. வளாகத்தின் நடுவே வளைந்து ஓடும் ஒரு கால்வாய், ஓ.பி. பக்கத்தையும் வார்டுகள் பக்கத்தையும் பிரிக்கிறது. சுவர் கட்டிப் பிரித்திருந்தால் காற்று நின்றிருக்கும். கூரைகளிலும் முற்றங்களிலும் விழும் மழையை அந்தக் கால்வாய்தான் வாங்கித் தொட்டிக்குக் கொண்டுபோகிறது. அந்த ஊரில் நல்ல தண்ணீர் என்றால் வானத்திலிருந்து வருவது மட்டும்தான்.

2021-ஆம் ஆண்டுக்கான பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்கள் நிறுவனத்தின் சர்வதேசப் பரிசுக்கு அது போட்டியிட்டபோது எதிரே நின்றவை பெர்லினின் ஜேம்ஸ் சைமன் கேலரியும் கோபன்ஹேகனின் ஒரு சைக்கிள் பாலமும். பரிசு சாத்கிராவுக்குப் போனது. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் போட்ட படம் முகப்புடையது அல்ல. இரண்டு பக்கமும் செங்கல் சுவர் எழும்ப, நடுவில் தண்ணீர் ஓடும் அந்தக் கால்வாயுடையது. மற்ற இடங்களில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும் பேஸ்மென்டுக்குள்ளும் ஒளித்துவைக்கும் வடிகாலைச் சௌதுரி எல்லோரும் பார்க்கும்படி நடுவில் வைத்துவிட்டார்.